சம்பந்திகளும் ஒரு சிவப்பு ஒயரும்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தபோது அதுவாக வந்து விழுந்தது. அவருக்கு நோயாளியின் வாய் அடைபட்டால்தான் தன் வாய் திறக்கும். பாதிக் கதை அவர் சொன்னது. மீதிப் பாதி, வெளியே மேசையில் உட்கார்ந்து முறை எழுதித் தரும் அவர் மனைவி, ஓய்வுபெற்ற பூகோள டீச்சர், சொன்னது. ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "இசை என்பது ஆன்மாவின்

(அடித்தாயிற்று. இப்படித் தொடங்குகிற கதையை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாம் முயற்சி: பல் டாக்டர் தனியாகத் தொழில் தொடங்கிய வருஷம் இடுப்பு உயர ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினார். கல்யாணம் அடுத்த வருஷம்தான். ஆகவே வீட்டில் யார் மூத்தவர் என்பதில் டீச்சருக்குக் குழப்பமே இருந்ததில்லை. ஸ்பீக்கர்களுக்குச் 'சம்பந்திங்க' என்று பேர் வைத்தவரும் டீச்சர்தான்.

"மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கறதில்ல. நல்ல இடமா பாத்து உக்கார வைக்கணும். தூசி பட்டா கோவிச்சுக்கும். வேற என்ன பேரு வைக்கிறது?"

சம்பந்திகளுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. கூம்பைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் உளுத்து இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. ஞாயிறு காலை இரண்டுக்கும் நேர் நடுவே நாற்காலியைப் போட்டு டாக்டர் கண்ணை மூடுவார். பாடகி மூச்சை இழுப்பது கூடச் சரியாக நடுவில் கேட்கும். "இங்கதான் நிக்கிறாங்க, பாரு" என்று காற்றைத் தொட்டுக் காட்டுவார். ஒருநாள் டீச்சருக்கும் அது கேட்டுவிட்டது. சொல்லவில்லை. சொன்னால் மனிதரைப் பிடிக்க முடியாது.

3.

கல்யாணமாகி முதல் எட்டு வருஷம் குடியிருந்தது டாக்டருடைய அண்ணன் வீட்டு மாடியில். அண்ணன் கதவைத் தட்டாமல் வருவார். ஓரகத்தி வந்தால் அலமாரியைத் திறந்து பார்க்காமல் போகமாட்டார். தனியாகப் போகலாம் என்று எட்டு வருஷத்தில் மூன்று முறை கேட்டார் டீச்சர். "அண்ணன் என்ன நினைப்பாரு?" என்பதே மூன்று முறையும் பதில். நாலாவது முறை கேட்கவில்லை.

ஒருநாள் பெருக்கும்போது இடது ஸ்பீக்கரின் ஒயர்கள் பிடுங்கிக்கொண்டு வந்தன. டீச்சர் சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் செருகிவிட்டார்.

(தெரிந்தா, தெரியாமலா? இங்கேதான் என் பேனா மூன்று வாரம் படுத்துவிட்டது. நேரிலேயே கேட்டேன். "யாருக்குங்க ஞாபகம்?" என்றார், உலக நாடுகளின் தலைநகரங்களை இன்றும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற டீச்சர்.)

ஒயர் மாறினால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பாடகி நடுவில் நிற்காமல் அறையெங்கும் கரைந்துபோவாள். தாளத்தின் கனம் வற்றிவிடும். டாக்டர் துடித்துப்போனார். திரைச்சீலையை மாற்றினார், சோபாவை நகர்த்தினார், சுவருக்குக் கம்பளம் போர்த்தினார். ஒயரை மட்டும் பார்க்கவில்லை.

(விவரம் தெரிந்தவர்கள் கல்லெறிய வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆனால் அதை மாட்டியது அவர் கை. தன் கையையே சந்தேகப்படும் பல் டாக்டரிடம் நீங்கள் போவீர்களா?)

நாலு மாதம் கழித்துக் கீழே இறங்கிப் போனார். "அண்ணா, நாங்க வேற வீடு பாத்துக்கிறோம். இங்க சவுண்டு உக்கார மாட்டேங்குது."

அண்ணன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீச்சர் அன்றைக்கே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்.

புது வீட்டில் பாடகி பழையபடி நடுவில் வந்து நின்றாள். "பாத்தியா? எல்லாம் ரூம்தான்" என்றார் டாக்டர். "ஆமாங்க" என்றார் டீச்சர், வாசல் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே.

4.

முடிவு அ: டீச்சர் உண்மையைச் சொல்கிறார், டாக்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். (கிடையவே கிடையாது. அவர் சிரித்து யார் பார்த்தது?)

முடிவு ஆ: டீச்சர் கடைசிவரை சொல்லவில்லை. புது வீட்டில் ஒயர் தானாகவே

தானாகவே எப்படிச் சரியாகும்? யாரோ சரியாக மாட்டியிருக்க வேண்டும். அதற்கு முன் பழைய வீட்டில் யாரோ கழற்றியிருக்க வேண்டும். அடுத்த முறை போனபோது கேட்டே விட்டேன்.

"டாக்டர், அன்னிக்கு ஒயரைக் கழட்டினது யாரு? சாமான் ஏத்த வந்தவங்களா?"

முதலில் ஊசியைப் போட்டார். என் வாய் மரக்கும்வரை கருவிகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கினார்.

"அவங்களைத் தொட விடுவேனா? நான்தான் கழட்டினேன். சிவப்பு கறுப்புல இருந்துச்சு."

என்னால் கண்ணை மட்டும்தான் விரிக்க முடிந்தது.

"கேக்கத்தான் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். கீழ லாரி நின்னுட்டிருந்துச்சு. அவ முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டா. எட்டு வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லிடாதீங்க."

அன்று இரவு மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். "எல்லாம் ரூம்தான்." ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

5.

அதற்கு முன், டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்தேனல்லவா? டீச்சர் அடுத்த தேதியை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "இன்னிக்கு ரொம்ப நேரம் பேசின மாதிரி இருந்துச்சே. என்ன சொன்னாரு?"

என் பதிலை நாலு விதமாக எழுதி நாலையும் அடித்துவிட்டேன். டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். வாய் மரத்திருக்கிறது என்று சைகை காட்டி நான் படியிறங்கிவிட்டேன்.

உங்களுக்கு மரக்கவில்லை. சொல்லுங்கள்.