தாய் டிஸ்க்கின் பொட்டு

எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பழக்கம் உண்டு. ஒரு டிஸ்க்கில் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றும்போது எது பழசு, எது புதுசு என்று குழம்பிவிடக் கூடாது. சிலர் காகிதம் ஒட்டுவார்கள், சிலர் பேனாவால் கிறுக்குவார்கள். குருராஜ் கடையில் குங்குமம். சாமி படத்துக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தில் விரலைத் தொட்டுப் பழைய டிஸ்க்குக்கு ஒரு பொட்டு. பொட்டு வைத்தது தாய், வைக்காதது பிள்ளை. பேனா மை பட்டால் கம்பெனிக்காரன் கேரண்டி தர மாட்டான். குங்குமம் துடைத்தால் போய்விடும். அதுதான் அதன் சௌகரியம் என்று அங்கே வேலை பார்க்கும் திப்பேஸ்வாமி ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் சென்னபசப்பா வந்தார். கதக் பக்கத்துக்காரர், பீணியாவில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. கம்ப்யூட்டரைக் கோணியில் சுற்றி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, இது எம் பொண்ணு சௌம்யாவோடது. காலேஜுக்குன்னு வாங்கிக் குடுத்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால அவள ஒருத்தன் கார்ல அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். அவ பொழைக்கல. எதிர்ல இருக்கிற பேக்கரி கேமராவுல எல்லாம் விழுந்திருக்கு. அப்பவே அந்தப் படத்த இதுல ஏத்தி வாங்கிக்கிட்டேன். பேக்கரிக்காரர் மிஷின்ல பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம் பழசு அழிஞ்சிருமாம். இத விட்டா வேற எங்கயும் இல்ல."

"பென் டிரைவ்ல ஒண்ணு எடுத்து வச்சுக்கலாமே அண்ணா?"

"ஐயோ வேண்டாம். வக்கீல் கண்டிச்சு சொல்லிட்டாரு. அங்க இங்க எடுத்தா தேதி மாறும், எதிர்க்கட்சி வக்கீல் ஜோடிச்சதும்பான். கம்ப்யூட்டரையே கோர்ட்டுக்குத் தூக்கிட்டு வரணுமாம். திங்கக்கிழமை வாய்தா. இது என்னடான்னா தொறக்கவே அரை மணி நேரம் ஆவுது, நடுவுல நின்னும் போவுது."

டிஸ்க் சாகக் கிடந்தது. விண்டோஸோடு சேர்த்து உள்ளே இருக்கிற அத்தனையையும் அப்படியே ஒரு புது எஸ்.எஸ்.டி. டிஸ்க்குக்கு மாற்றுவது ஒன்றுதான் வழி. அதே விலைக்கு இரண்டு மடங்கு பெரியது தருகிறேன் என்றான் திப்பேஸ்வாமி. அவர் தலையை ஆட்டிவிட்டார். அதே கம்பெனி, அதே அளவு, அதே நிறம். கோர்ட்டில் ஒருத்தன் ஒரு கேள்வி கேட்கக் கூடாது. ஜாக்கிரதையான மனுஷர். பெரியதை வாங்கியிருந்தால் படம் பிழைத்திருக்கும். தப்பித் தவறி மாற்றி மாட்டினாலும், பெரியதில் இருப்பதைச் சின்னதில் ஊற்ற நகலெடுக்கும் பெட்டி ஒத்துக்கொள்ளாது, சிவப்பு விளக்கு எரிந்து நின்றிருக்கும். ஒரே அச்சாக இரண்டு இருந்தால் அது எதற்கும் ஒத்துக்கொள்ளும்.

படம் ஓடுகிறதா என்று திப்பேஸ்வாமி ஒரு தரம் போட்டுப் பார்த்தான். சென்னபசப்பா கடையை விட்டு இறங்கி, தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பொட்டு வைத்து, புதியதைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தான். அதற்குள் மின்சாரம் போய்விட்டது. மறுநாள் ஆயுதபூஜை, ஒரு திருப்புளியைக்கூடத் தொடக் கூடாது. போகட்டும், விஜயதசமி காலையில் முதல் வேலையாக இதைச் செய்வோம், நல்ல வேலை, நல்ல நாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பூஜையன்று மேஜைகளை ஈரத்துணியால் துடைத்தது அவனேதான். மேஜையோடு அதன் மேல் கிடந்த டிஸ்க்குகளையும் துடைத்தான். பிறகு பூசணிக்காய் வாங்க ஓடினான். முதலாளி குருராஜின் மனைவி வனஜாக்ஷி குங்குமக் கிண்ணத்தோடு கடையைச் சுற்றி வந்தாள். திருப்புளி, கல்லாப் பெட்டி, பற்றவைக்கும் கோல், எல்லாவற்றுக்கும் பொட்டு. மேஜையில் பளபளவென்று ஒரு புது டிஸ்க் கிடந்தது, அதற்கும் ஒன்று. பழசு பில் புத்தகத்துக்கு அடியில் கிடந்தது. அவள் கண்ணில் படவில்லை.

விஜயதசமி காலை, கடை முழுக்கப் பொட்டு. அதில் இதுவும் ஒன்று என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. நாளைக்குப் பத்து தரம் பார்க்கிற பொட்டை எவன் சந்தேகப்படுவான்! டிஸ்க்கின் முதுகில் இருக்கும் நம்பரைப் படிக்க அரை நிமிஷம் ஆகும். அவன் படிக்கவில்லை. பொட்டு வைத்ததை நகலெடுக்கும் பெட்டியில் தாய்க்கான இடது பள்ளத்தில் செருகினான், வைக்காததை வலது பள்ளத்தில் செருகினான், பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது நான்கு பச்சை விளக்கும் எரிந்து வேலை முடிந்திருந்தது. கம்ப்யூட்டரில் மாட்டினால் கறுப்புத் திரை. இன்னொன்றை மாட்டினான், அதுவும் கறுப்பு. அப்போதுதான் புரட்டி நம்பரைப் பார்த்தான். வெறும் பிள்ளையை எடுத்து நிறைந்த தாயின் மேல் ஊற்றியிருக்கிறான். ஒரு எழுத்து மிச்சமில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனான்.

குருராஜ் இரண்டு டிஸ்க்கையும் கையில் வாங்கிப் பார்த்தார். "மீட்க முடியாதா?"

"மேல எழுதியாச்சு சார். பிரம்மாவே வந்தாலும் முடியாது."

"சரி, சத்தம் போடாத. அது ஏற்கெனவே செத்துக்கிட்டிருந்ததுதானே? தானா செத்துப்போச்சுன்னு சொல்லு. பில்லுலயே 'டிஸ்க் பழுது'ன்னு எழுதியிருக்கோம்ல? யாரு வந்து கேக்கப் போறா?"

"பாவம் சார் அந்தப் பெரியவரு."

"பாவந்தான். அதுக்காகக் கடைய இழுத்து மூடணுமா? ஒம்பது வருஷமா இங்கதானே சாப்பிடற."

சென்னபசப்பா மத்தியானமே வந்துவிட்டார். துவைத்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கொத்து வன்னி இலை. அவர் ஊர்ப் பக்கம் விஜயதசமிக்கு இலையைக் கையில் கொடுத்தால் பழைய மனத்தாங்கல் எல்லாம் தீர்ந்தது என்று அர்த்தம்.

"இத வாங்கிக்க தம்பி. பொன்னு மாதிரி இருப்போம். முடிஞ்சுதா?"

திப்பேஸ்வாமி இலையை வாங்கி மேஜையில் வைத்தான். "அண்ணா… டிஸ்க் செத்துப்போச்சு. ரொம்பப் பழசு. தானாவே போயிருச்சு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கல்லாவில் குருராஜ் குனிந்த தலை நிமிராமல் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

"நீ என்ன பண்ணுவ தம்பி," என்றார் சென்னபசப்பா. "நல்ல நாளுன்னு மொத வேலையா எடுத்துப் பார்த்திருக்க. எந் தலையெழுத்து." அந்த ஆறுதல் திப்பேஸ்வாமியைச் செருப்பால் அடித்தது போல இருந்தது. "ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீ அதப் பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"நான் பார்த்ததே இல்ல. ரெண்டு வருஷமா வீட்டுலதான் இருந்துச்சு. தைரியம் வரல. வக்கீலு வலுவான சாட்சின்னு மட்டும் சொன்னாரு. கார்காரன் என்ன சொல்றான் தெரியுமா? இருட்டுல எதுலயோ தட்டுச்சு, நாயின்னு நெனச்சேன், எறங்கவே இல்லைங்கறான். அதுல என்ன இருந்துச்சு? மறைக்காம சொல்லு."

திப்பேஸ்வாமி சொன்னான். நாற்பது விநாடிதான். மனசில் அப்படியே இருந்தது. "கார் நின்னுச்சுண்ணா. அவன் எறங்கினான். போன் வெளிச்சத்த அடிச்சுக் குனிஞ்சு பார்த்தான். அப்புறம் ஏறிப் பின்னால எடுத்து, சுத்திக்கிட்டுப் போயிட்டான்."

"அவ?"

"அண்ணா, அது வேண்டாம்."

"சொல்லு."

"கையத் தூக்கினாங்க. அவன் கார்ல ஏறும்போது அவன் பக்கமா கையத் தூக்கினாங்க."

சென்னபசப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"இத அங்க வந்து சொல்லுவியா? மூலம் அழிஞ்சுபோனா, பார்த்தவன் வாயால சொன்னாலும் கோர்ட்டு கேக்கும்னு வக்கீலு ஒரு தரம் சொல்லியிருக்காரு. வக்கீலு தானே சாட்சி சொல்ல முடியாது. நான் பார்க்கல, பார்த்திருந்தாலும் அப்பன் சொன்னா எடுபடாது. நீ வெளியாளு."

குருராஜ் இருமினார். "அவனுக்கு எதுக்குப் பெரியவரே கோர்ட்டு, கச்சேரி…"

திப்பேஸ்வாமி மேஜையைப் பார்த்தான். கூண்டில் ஏறினால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்: படம் எப்படி அழிந்தது? அதற்கு ஒரு பொய் சொன்னால் பின்னால் சொல்கிற உண்மையை எவன் நம்புவான்? நாய் என்று நினைத்தேன் என்கிறவனுக்கும் தானாகச் செத்தது என்கிற தனக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"தானா சாகலண்ணா. நாந்தான் அழிச்சேன். பொட்டு மாறியிருந்தது. புதுசத் தாய்னு நெனச்சு மாட்டிட்டேன். நம்பரப் பார்த்திருக்கணும், பார்க்கல."

"திப்பேஸ்வாமி!" என்றார் குருராஜ். "நாளையிலேருந்து நீ இந்தப் பக்கம் வராத."

சென்னபசப்பா இரண்டு டிஸ்க்கையும் பார்த்தார். ஒன்றில் பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. அவர் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. கம்ப்யூட்டரைக் கோணியில் சுற்றி முடிச்சுப் போட்டுத் தோளில் ஏற்றினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். மேஜையில் இருந்த வன்னி இலையைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை பதினோரு மணி," என்றார். "ஆறாம் நம்பர் ஹால். வந்துரு."