கழித்துப் போட்ட தார்த்துணி

உய்யக்கொண்டான் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று, விடிவதற்குள் எழுந்து தங்கையன் பரிசலுக்குத் திருஷ்டி கழித்தான். கோடை முழுக்கக் கரையில் கவிழ்ந்து கிடந்த பரிசல் அது. முந்தின நாள்தான் தார் காய்ச்சி, கம்பு முனையில் பழந்துணியைப் பந்தாகக் கட்டி, தொட்டுத் தொட்டுப் பூசியிருந்தான். சட்டியில் ஒட்டியிருந்த மிச்சத் தாரையும் அந்தத் துணியிலேயே வழித்து வைத்திருந்தான். பூசிய துணியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, எரிக்கவும் கூடாது. பரிசலை மூன்று சுற்றுச் சுற்றி, ஓடுகிற தண்ணீரில் கம்போடு எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பரிசல்மேல் பட்ட கண்ணெல்லாம் அதோடு போய்விடும். அது எங்கே போகிறது என்று பார்க்கிற கவலை அவன் அப்பனுக்கும் இருந்ததில்லை, பாட்டனுக்கும் இருந்ததில்லை.

போன வருசமே வாய்க்கால் ஓவர்சியர் வந்து கரையில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். தார், கண்ணாடி, சட்டிப்பானை எது வாய்க்காலில் விழுந்தாலும் அடுத்த வருசம் பரிசல் குத்தகை கிடையாது என்றார். அவர் தலை மறைந்ததும் தங்கையன் சிரித்தான்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுதான் பெரியவங்க சொல்லியிருக்காங்க. போடாதேன்னு எவன் சொன்னான்?"

கரையில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா பின்னே? அவரவர் வீட்டு வாழைமட்டையும் கிழிந்த பாயும் போகிற இடமும் அதுதானே.

அன்று பொழுது ஏறி, பரிசல் நாலு நடை போய் வந்திருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் துறையில் துவைக்கிற வேலம்மாள் ஈரம் காயாத சேலையோடு ஓடி வந்தாள். பதினைந்து வருசமாக அழுக்கு மூட்டையோடு அவன் பரிசலில் அக்கரை போய், வெளுத்த மூட்டையோடு திரும்பி வருகிறவள். அவளிடம் தங்கையன் பரிசல் கூலி வாங்கியதில்லை. அவன் வீட்டுத் துணிக்கு அவள் கூலி கேட்டதில்லை. புருசன் போனபிறகு அவளுக்கு இருந்தது புத்தூரில் பதினொரு வீடும், 'அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிட இவனும்தான்.

அவள் கையில் ஒரு பட்டுக்கரை வேட்டி. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.

"அலசிக்கிட்டு இருந்தேன் அண்ணே. எங்கிருந்தோ தாரு வந்து ஒட்டிக்கிச்சு. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன், இன்னும் பரவிருச்சு. வக்கீல் வீட்டு மாப்பிள்ளையோட முகூர்த்த வேட்டி. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை இதைக் கட்டிக்கிட்டுத்தான் பொண்ணோட ஸ்ரீரங்கம் போகணும்னு வச்சிருந்தாங்க."

அவள் மற்றக் கையை விரித்தாள். தார் அப்பிய துணிப்பந்து. அதன் ஓரத்தில் கொஞ்சம் பச்சைக் கட்டம் தெரிந்தது.

"இது எஞ்சேலைத் தலைப்பு அண்ணே. மாசியில நாந்தான் அண்ணிகிட்டக் குடுத்தேன்" என்றாள். திட்டவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

துறையிலிருந்து பாலத்தைச் சுற்றி வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் அவள் இங்கே வந்திருந்தாள். வக்கீல் சம்சாரம் அமிர்தம் அம்மாள் வாசற்படிக்கு மேல் நின்றபடியே கேட்டாளாம். தண்ணீரில் தார் வருமா? அந்த வாரம்தான் புத்தூர் ரோட்டுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். சோம்பல்பட்டு ரோட்டோரத்தில் காயப்போட்டிருக்கிறாய், கல்யாணத் துணியில் கரியைப் பூசிவிட்டு வாய்க்கால்மேல் பழி போடுகிறாய் என்று சொல்லிவிட்டாள். தார் வந்ததைப் பார்த்த ஆள் ஒருத்தனைக் கூட்டிவந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் இனி இந்தத் தெருப்பக்கமே வராதே. அமிர்தம் அம்மாள் கைவிட்டால் மற்றப் பத்து வீடும் கைவிட்டுவிடும். அந்தத் தெருவில் காய் நறுக்குவதுகூட அவளைக் கேட்டுத்தான்.

"நீங்க போட்டதுன்னு சொல்ல வேண்டாம் அண்ணே. தண்ணியில வந்துச்சு, பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

"இதுகூடச் சொல்ல மாட்டேனா? வா, போவோம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டான். அப்போது அதை மனசாரத்தான் சொன்னான்.

அவன் பெண்சாதி ராக்கம்மாள் மட்டும் பின்னாலேயே வந்து காதைக் கடித்தாள். "இந்தாங்க, கழிச்சுப் போட்டதப் பத்தி வாயத் தொறந்தா நம்ம தலையிலேயே வந்து விடியும். பாத்துப் பேசுங்க."

வக்கீல் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. பார்த்தவுடனே தங்கையனுக்குத் தெரிந்துவிட்டது. ஓவர்சியர் சைக்கிள். உள்ளே அறையில் வக்கீலோடு அவர் பேசுகிற குரலும் கேட்டது. ஏதோ கேஸ் விஷயம்.

அமிர்தம் அம்மாள் வெளியே வந்தாள். "நீதான் பரிசல்காரனா? வாய்க்கால்ல தார் வந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு. ஓவர்சியர் உள்ளதான் இருக்காரு. நீ ஆமான்னா இப்பவே கூப்பிட்டு, யார் போட்டாங்கன்னு விசாரிக்கச் சொல்றேன்."

தங்கையன் தலையைக் குனிந்துகொண்டான். வாய்க்காலில் பரிசல் அவனுடையது ஒன்றுதான். யார் போட்டது என்று விசாரிக்க ஓவர்சியருக்கு அரை நிமிசம்கூட ஆகாது. வேலம்மாள் நம்பிக்கையோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நம்பிக்கைதான் அவனை அறுத்தது.

"நான் ஒண்ணும் பாக்கலீங்கம்மா" என்றான்.

அது நிஜம்தான். திரும்பிப் பார்க்காமல்தானே நடந்தான்? சாமி கேட்டால்கூட அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அதோடு நிறுத்தியிருந்தாலாவது மனுசன். பயந்தவன் வாய் அடங்காதே. பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்றும் சொன்னான்.

"புது ரோட்டுல காயப்போட்டா இப்படித்தாங்க புடிச்சுக்கும்."

வேலம்மாளின் முகத்தில் எதுவுமே மாறவில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசற்படிக்குக் கீழே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"ஆமாம்மா. அந்த ஆளு சொல்றது நெசம். ரோட்டுலதான் காயப்போட்டேன். புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்குங்க."

அமிர்தம் அம்மாளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தான் சொன்னதே சரி என்று ஆனபின் மன்னிப்பதில் என்ன கஷ்டம்? "இத அப்பவே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? போ, எந்திரி. கொல்லையில அழுக்கு கெடக்கு, எடுத்துக்கிட்டுப் போ. இனிமே வெளுத்து வர்ற ஒவ்வொரு துணியையும் நான் பிரிச்சுப் பாத்துத்தான் எடுப்பேன். எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சொல்லி வைக்கப்போறேன்."

பிறகு தங்கையன் பக்கம் திரும்பினாள். "நீ பொழைக்கிற பொழப்புக்கு, பழகினவளேன்னுகூடப் பாக்காம உண்மையைச் சொன்னே பாரு. கறுப்பு பட்ட வேட்டிய இனிமே இந்த வீட்டுல வைக்க முடியாது. நீ கட்டிக்க."

பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே.

பாலத்தைச் சுற்றிப் போனால் ஒரு மைல். மூட்டை கனம். அதனால் வேலம்மாள் பரிசலிலேயேதான் ஏறினாள். வேறு ஆள் இல்லை. தண்ணீர் புதுத் தண்ணீர், கலங்கலாக நுரைத்துக்கொண்டு போனது. தங்கையன் பாதி வாய்க்கால் வரை துடுப்புப் போட்டான். அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"வேலம்மா, நான்தான் கோழைப்பய. நீ ஏன் செய்யாததை ஒத்துக்கிட்டே?"

அவள் மூட்டை முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "நெசத்தச் சொன்னேன், தெருவுக்கே வராதேன்னாங்க. பொய்யச் சொன்னேன், துணி குடுத்தாங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு, சோறு போடணும்."

"அந்த வேட்டிய வேணா நீயே வச்சுக்க. பட்டுக்கரை, வித்தாலும்..."

அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரிசல் கரையில் இடித்ததும் மூட்டையைத் தலைக்கு ஏற்ற அவன் கை கொடுக்கப் போனான். வழக்கமாகக் கொடுக்கிற கைதான். அவள் தானே முட்டி போட்டு, பல்லைக் கடித்து, மூட்டையை ஏற்றிக்கொண்டு இறங்கினாள்.

நாலு எட்டு வைத்தபின் நின்றாள். திரும்பவில்லை.

"பரிசக்காரரே, நாளையிலிருந்து மத்தவங்க மாதிரி எங்கிட்டயும் கூலி வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கரையேறிப் போனாள்.