ஒலிக்கக் கூடாத மணி

துணி துவைக்கும் இயந்திரத்தின் வயிற்றுக்குள், படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, கைப்பேசி அலறிக்கொண்டிருந்தது.

சுவருக்கு இப்பால், இடுப்புக்கு மேலே கோட்டும் கீழே பைஜாமாவுமாக, அவள் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தாள். திரையில் மேலாண்மைக் கல்லூரியின் பேராசிரியர் இருவர். இந்த நேர்காணலில் தேறினால், நிறுவனத்தின் கணினி சர்வர்களுக்குக் காவல் இருக்கும் வேலையை உதறிவிட்டுப் படித்து, மருத்துவமனை நிர்வாகத்துக்கு மாறிவிடலாம். தவறினால், மறுபடி விண்ணப்பிக்கும் துணிவு தனக்கு வராது என்பதை அவள் அறிவாள். ஆதலால்தான், அணைத்துவைக்க மனம் வராமல், கைப்பேசியைக் கணவரிடம் ஒப்படைத்திருந்தாள். “உன் காதுல விழாத எடத்துல வைக்கிறேன்” என்று அவர் வாக்களித்திருந்தார். இரும்பு உருளை ஒலியைப் பெருக்கித் தரும் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

சர்வர் எது படுத்தாலும், எச்சரிக்கை மணி அன்றைய முறைக்காரருக்குப் போக வேண்டும் என்பதே குழுவின் ஏற்பாடு. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன், ஏதோ அவசரத்தில், ‘தற்காலிகம்’ என்று குறிப்பெழுதித் தன் கைப்பேசி எண்ணையே அந்த மணியின் நிரலுக்குள் அவள் பதித்துவிட்டிருந்தாள். முறை யாருடையதாயினும் மணி முதலில் அவளுக்கே அடித்தது. அவளும் பாதிச் சாப்பாட்டில், பாதிப் பேச்சில், பாதிக் குளியலில் எழுந்து ஓடினாள். தான் இல்லாவிட்டால் அங்கே ஓர் அணுவும் அசையாது என்னும் எண்ணம் அவளுக்குப் பாரமாக இருந்தது. வெளியே சொல்லாத பெருமையாகவும் இருந்தது.

“நாளைக்கே நீங்க கிளம்பிட்டா உங்க டீம் என்ன பண்ணும்?” என்று கேட்டார் இருவரில் ஒருவரான பேராசிரியை.

தலைமைப் பண்பைப் பற்றி நெட்டுரு போட்டிருந்த விடை தொண்டைவரை வந்தது. மணி நிற்கவில்லை. கால்கள் எழத் துடித்தன. நாற்காலியின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“தெரியலைங்க மேடம். அவங்களே பாத்துக்கட்டும்னு நான் விட்டதே இல்ல. இப்பக்கூட கூப்பிட்டுட்டுத்தான் இருக்காங்க.”

“எடுக்கலையா?”

“எடுக்கல.”

பேராசிரியை தலைசாய்த்து அந்த ஒலியைச் சற்றே செவிமடுத்தார். பிறகு அது தானாகவே நின்றது.

நேர்காணல் முடிந்து அவள் வெளியே வந்தபோது, கணவர் இயந்திரத்தின் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் காவலிருந்தார்.

“தொறந்துடலாமான்னு கை பரபரன்னு இருந்துச்சு. உனக்குப் பயந்துதான் தொறக்கல.”

“எனக்கா, மெஷினுக்கா?”

“ரெண்டும் கத்த ஆரம்பிச்சா ஒரே மாதிரிதான்.”

கைப்பேசியை எடுத்து, குழுவின் இளையவளை அழைத்தாள். சுருட்டை என்பது அந்த இளையவளுக்கு அலுவலகம் இட்ட பெயர்.

“அக்கா, சரியாயிடுச்சு. நானே பாத்துட்டேன்.”

“நீயா? தனியாவா?”

“ஏன், என்னையெல்லாம் ஆளாத் தெரியலையா? போன தடவையும் நான்தான் சரி பண்ணேன். எல்லாம் முடிஞ்சப்புறம் நீங்க உள்ள வந்து, ‘நல்லவேளை நான் வந்தேன்’னு சொன்னீங்க. பாவமா இருந்துச்சு, வாய மூடிக்கிட்டேன்.”

முகம் சூடாயிற்று. அடுத்த கணமே, எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு சிரிப்பு அவளைக் குலுக்கியது. தோளில் கல்மூட்டை என்று இத்தனை காலம் சுமந்தது வெறும் பஞ்சுதானா! சிரித்துச் சிரித்துக் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“அலாரத்துல இருக்கிற உங்க நம்பரத் தூக்கிடவாக்கா?”

“தூக்குடி.”

“தூக்கியாச்சு. இப்ப ஒரு டெஸ்ட் அலாரம் விடறேன். உங்களுக்கு வரக் கூடாது.”

அவள் கைப்பேசியை மீண்டும் விரிப்புகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினாள். கணவர் சற்றே நகர்ந்து இடம் விட்டார். கோட்டைக் கழற்றாமலே அவளும் தரையில் அமர்ந்தாள். கதவின் வட்டக் கண்ணாடியில் இருவர் முகங்களும் அருகருகே தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால், வெள்ளை விரிப்பின் மடிப்பில், கைப்பேசி இருண்டே கிடந்தது.