பதினோரு முறை அனுப்பிய செய்தி

“சொருகினா எவ்வளவு நேரத்துல அழியும்?”

“அழியும்னு ஏம்மா சொல்றே? மத்த மெஷின்ல என்ன இருக்கோ அதை இது வாங்கிக்கும். அஞ்சு செகண்ட்.”

“அதைத்தான் அண்ணே நானும் சொல்றேன்.”

ஸ்க்ரூ அண்ணன் நீலக் கேபிளின் முனையை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் புழங்குவதில்லை.

மேசைமேல் துறைமுகத்திலிருந்து வந்த சர்வர் இருந்தது. படகுகள் அனுப்பும் செய்திகளை ஐந்து இடங்களில் ஐந்து சர்வர்கள் எழுதிவைக்கும். மூன்று எழுதிக்கொண்டால்தான் செய்தி ஏற்கப்படும். அனுப்பியவர் போனில் பச்சைப் புள்ளி விழும். ஒன்றிரண்டு படுத்துக்கொண்டாலும் வேலை நிற்காது. தனியாக அறுந்து கிடந்த சர்வர் திரும்பி வந்தால், மற்றவை ஒப்பாத வரிகளை அது விட்டுவிட வேண்டும். அந்த விதியை எழுதியவள் நான். தம்பி அப்போதே கிண்டலடித்தான்: “மூணு பேரு தலையாட்டணுமா? நம்ம வீட்டுல அம்மா ஒருத்தி முறைச்சா போதுமே!”

பன்னிரண்டு நாள் முன்பு புயலில் துறைமுகத்து இணைப்பு அறுந்தது. தம்பியின் இழுவைப்படகு திரும்பவில்லை. இன்று காலை இந்த சர்வரைத் திறந்தபோது, இன்னும் ஏற்கப்படாத செய்திகளின் பட்டியலில் அவன் எண் இருந்தது. ஒரே செய்தி, அம்மாவின் போனுக்கு, பதினோரு முறை. பச்சைப் புள்ளி விழவில்லையே என்று திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறான். சர்வரும் ஒவ்வொரு முறையும் வாங்கி வைத்துக்கொண்டு, வராத இரண்டு பேருக்காகக் காத்திருந்திருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்தபடியே.

செய்தி பூட்டோடு இருக்கிறது; அம்மாவின் போனில்தான் திறக்கும். அதை மட்டும் உருவ முடியாது. டிஸ்க்கை முழுதாக நகலெடுக்க நாலு மணி நேரம் பிடிக்கும். இதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு டிஸ்க் போடலாமென்றால், அது நாளைக்குத்தான் வரும்.

“அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“வாய் தவறிச் சொல்லிட்டேன். என்ன எழுதியிருக்கான், என்ன எழுதியிருக்கான்னு ஓயாம போன். காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல.”

அவர் சுவர்ப் பக்கம் கையைக் காட்டி, “போர்டைப் பாரும்மா,” என்றார்.

சுவர்த் திரையில், சர்வருக்கு ஒன்றாக இருந்த ஐந்து விளக்குகளில் மூன்று மட்டும் எரிந்தன. நேற்று இன்னொரு சர்வரும் படுத்துவிட்டிருந்தது. இனி ஒன்று விழுந்தாலும் எந்தப் படகின் செய்தியும் ஏறாது. விளக்குகளுக்குக் கீழே ஒரு வரி: கடலில் முப்பத்தேழு படகுகள். ஜன்னல் கதவைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

“என் மச்சானும் அதுல ஒண்ணுலதான் இருக்கான். அதுக்காகச் சொல்றேன்னு நினைக்காதே.”

“நினைக்கல அண்ணே.”

அவர் குனிந்து கேபிளைச் சர்வரருகே கொண்டுபோனார். நான் உள்ளங்கையால் அதன் துளையை மூடிக்கொண்டேன். தகடு காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது.

“நாலு மணி நேரம். நாலே மணி நேரம் பொறுங்க அண்ணே.”