முதுகு காட்டிய பந்தி

ஜாங்கிரியை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த மரப்பெண், வார்னிஷ் காய்ந்த அன்று காலையில் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். கோட்டுச்சேரியில் ரொனால்டின் பட்டறையில் இது நடந்தது. அன்று நல்ல வெயில்; கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஒரே தேக்குத் துண்டைக் குடைந்து எடுத்த சிற்பம் அது. அவளும் பெஞ்சும் அடிப்பலகையும் ஒரே மரமாக இருந்தவை. எங்கும் விரிசல் இல்லை, சிராய் இல்லை. நேற்றுவரை முகம் இருந்த இடத்தில் கொண்டை இருந்தது, அவ்வளவுதான்.

காரைக்காலில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்த காஜா நஜ்முதீன், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் வைப்பதற்கு, பார்த்தாலே சிரிப்பு வருகிற மாதிரி ஒரு பந்தியைச் செதுக்கித் தரச் சொல்லியிருந்தார். மாதாவும் அந்தோணியாரும் கதவுப் பூக்களுமாகச் செதுக்கிச் சலித்துப்போயிருந்த ரொனால்ட் ஒரு மழைக்காலம் முழுக்க அதிலேயே கிடந்தான். அப்பளத்தில் பல்செட்டை விட்டுவிட்டுத் தேடுகிற பெரியவர், அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க ஒருவர் கழுத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிற சம்பந்தி, பாயசத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கும் குழந்தை, வாயைப் பிளந்தவரின் தொண்டைக்குள்ளேயே கேமராவை நுழைக்கிற வீடியோக்காரர் என்று ஒவ்வொன்றையும் செதுக்கும்போது அவனே தனியாகச் சிரித்தான். மனைவி ஜெமிமா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அவன் அதிகமாகச் சிரித்தது ஜாங்கிரிக்காரியைச் செதுக்கியபோது.

அவள் கற்பனை இல்லை. திருவேட்டக்குடியிலிருந்து அந்தத் தெருவுக்கு வருஷக்கணக்காக மீன் கொண்டுவரும் தையல்நாயகி அவள். அலுமினிய அன்னக்கூடையைத் தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். மீன்பிடி போட்டு வைத்திருந்த குணசேகரன் வீட்டுக் கல்யாணத்தில், பெண்ணுக்குக் கட்டில் செய்து கொடுத்தவன் என்ற முறையில் ரொனால்டும் சாப்பிட உட்கார்ந்தான். பக்கத்தில் அவள். இலையில் விழுந்த ஜாங்கிரியை அவள் பைக்குள் நழுவவிட்டதையும், பரிமாறுகிறவனிடம் இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் நழுவவிட்டதையும் பார்த்தான். தனக்கு மறுபக்கம் இருந்தவரின் விலாவில் முழங்கையால் இடித்துக் காட்டி, சோறு மூக்கில் ஏறும்வரை சிரித்தான். பிறகு அந்தத் தோளை அப்படியே தேக்கில் இறக்கினான். வார்னிஷ் அடிக்கும் முன்பே ஜெமிமா படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். பொழுது சாய்வதற்குள் அது திருவேட்டக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் தெருவில் நாலு பேர் தையல்நாயகியிடம் ஜாங்கிரி என்ன விலை என்று கேட்டார்கள். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் வரவில்லை.

திரும்பிய தலையில் புதிதாக ஒரு முகத்தைச் செதுக்கிவிடலாம் என்று ரொனால்ட் உளியைப் பிடித்தான். கொண்டை சுருள் சுருளாகச் சீவி விழுந்தது. காலையில் பார்த்தால் பழையபடி முழுசாக முடிந்திருந்தது. அந்த வாரமே பல்செட்டுப் பெரியவர் திரும்பினார். அடுத்து சம்பந்தி. வீடியோக்காரர் கேமராவோடு திரும்பினார். தூங்குகிற குழந்தையைத் தவிர மொத்தப் பந்தியும் முதுகானது. நஜ்முதீன் வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“வேலைப்பாடு நல்லாத்தான் இருக்கு ரொனால்டு. ஆனா சாப்புட வர்றவங்களுக்கு நான் முதுவக் காட்டவா?” என்றார்.

அவர் போனபிறகு ஜெமிமா சொன்னாள்: “அந்த அக்காவ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. இது உளிய வச்சு ஆவுற காரியமில்ல. படம் போட்டது நானு. எனக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க.”

தையல்நாயகி வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டு, “வாங்க தம்பி” என்றாள். அதற்குள் உள்ளே கட்டிலிலிருந்து அவள் புருஷன் வைத்திலிங்கம் யாரென்று கேட்டார். குணசேகரன் போட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். தளத்தில் விழுந்து இடுப்பு போய், படுத்தே வருஷக்கணக்காகிவிட்டது. ரொனால்டைத் தலைமாட்டில் உட்காரச் சொன்னார்.

“நீங்களும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களாமே தம்பி. மொதலாளி என்னைய மறக்கல, பாத்தீங்களா? எனக்குன்னு தனியா ஜாங்கிரி குடுத்தனுப்பிருக்காரு. இவகிட்ட என்னைய விசாரிச்சாராம்.”

ரொனால்டுக்குக் காது மடல் சுட்டது. கதவருகில் நின்ற தையல்நாயகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வியாபாரத்துக்குப் போகாமல் ஏன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஃபோனும் கையுமாக யாரும் உள்ளே போய்விடக்கூடாது.

“பாத்தேண்ணே. பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். இலையில மடிச்சு அவரே கையில குடுத்தாரு” என்றான். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்தான்.

வெளியே வந்து மன்னிப்பு என்று ஆரம்பித்தான். அவள் கையை அசைத்து நிறுத்தினாள்.

“எடுத்தேன், செதுக்குனீங்க. இல்லாததையா செதுக்குனீங்க? ஆனா தம்பி, பல்லு விழுந்தவரு, பாயசத்துல படுத்த புள்ள, எல்லாரும் இருக்காங்க. பக்கத்துல உக்காந்து என்னையப் பாத்து இடிச்சு இடிச்சுச் சிரிச்சீங்களே, அந்த ஆளத்தான் காணும்.”

பெஞ்சின் ஓரத்தில், தன் பெயரை வெட்டுவதற்காக அவன் விட்டுவைத்திருந்த கட்டை கொஞ்சம் இருந்தது. அதில் தன்னைச் செதுக்கினான். கண்ணாடி பார்க்கத் தேவைப்படவில்லை. விலாவில் இடிக்கிற முழங்கை, மூக்கில் ஒட்டிய சோறு, கடைவாய்ப்பல் தெரியச் சிரிக்கிற வாய், அந்தச் சிரிப்பில் சுருங்கிப்போன கண். இதைச் செதுக்கும்போது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்து, தூளை ஊதிவிட்டு நிமிர்ந்தபோது பல்செட்டுப் பெரியவர் அவனைப் பார்த்துத் திரும்பியிருந்தார். வார்னிஷ் காய்வதற்குள் பந்தி முழுக்கத் திரும்பியாயிற்று. விழித்திருந்த எல்லோருடைய கண்ணும் ஓரத்தில் இருந்த புது ஆளின் மேல் இருந்தது. எல்லோர் வாயிலும் சிரிப்பு. தையல்நாயகி மட்டும் திரும்பவில்லை. அவளை அப்படியே விட்டுவிட்டு, இறங்கிய தோளுக்கு மேல் பூவரசம்பூச் சேலைக்கரையை ஒழுங்கு செய்து, வேலை முடிந்தது என்று நஜ்முதீனுக்குச் சொல்லியனுப்பினான்.

மண்டபம் திறந்த நாளிலிருந்து சாப்பிட வருகிறவர்கள் அந்தச் சிரிக்கிற ஆளைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தார்கள். ரொனால்ட் அங்கே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பிள்ளைகள் முழங்கையை மடக்கிக் காட்டிவிட்டு ஓடினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வருவான். தையல்நாயகி மறுபடியும் தெருவுக்கு மீன் கொண்டுவந்தாள். ஜெமிமாவிடம் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, ரொனால்டிடம் மீனைத் தவிர வேறு பேச்சில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கார்த்திகை மழையில் வைத்திலிங்கம் இறந்துபோனார். அன்று மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம். கூட்டுகிற அம்மாள்தான் முதலில் பார்த்தாள்: மரப்பந்தியில் அந்தப் பெண் உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது. இலை மட்டும் விரித்தபடி இருந்தது. நஜ்முதீன் ரொனால்டுக்கு ஃபோன் போட்டார். அவன் துக்கத்துக்குப் போய்விட்டு வந்த ஈர வேட்டியோடு வந்து பார்த்தான். காலியான இடத்தில் உளி படாத மரம் வழவழவென்று இருந்தது. கருமாதி முடியட்டும் என்று மட்டும் சொன்னான். முடிந்த மறுநாள் மரப்பெண் பழையபடி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம் தெரியாததால் நெற்றியில் பொட்டு இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் எட்டிப் பார்க்கவுமில்லை. அந்தம்மா வந்தாச்சு, இனிமேல் அந்த இடத்தையும் சேர்த்துத் துடை என்று கூட்டுகிற அம்மாளிடம் சொல்லிவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்தவர்களை நஜ்முதீன் உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.