ஊருக்கெல்லாம் தெரிந்த சாவு

இலவசம் என்றாலே எனக்கு நம்பிக்கை கிடையாது. இலவசச் சேலை ஒரு துவையலில் கிழிகிறது. இலவச யோசனை எத்தனை நாள் தாங்கும்? ஆனாலும் தஞ்சாவூரில் சனிக்கிழமைதோறும் சில வக்கீல்கள் காசு வாங்காமல் வழி சொல்கிறார்கள் என்று நடவு வயலில் கூட நடுகிற வேம்பு சொன்னாள். கேஸ் நடத்த மாட்டார்களாம், கேஸ் நிற்குமா நிற்காதா என்று மட்டும் சொல்வார்களாம். அதுவாவது தெரியட்டும் என்று பஸ் ஏறினேன்.

கோர்ட்டுக்குப் பின்தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடி. எனக்கு வாய்த்தது பூவிழி என்று ஒரு சின்னப் பெண். இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்றுதான் எதிரில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கம்மா."

சொன்னேன். என் வீட்டுக்காரர் சகாயராஜுக்கு மஸ்கட்டில் கட்டட வேலை. அந்த வெயிலில் வெந்து சம்பாதித்து, மெயின்ரோட்டை ஒட்டி ஒரு ஏக்கர் நஞ்சை வாங்கினார். பார்த்துக்கொள்ளவும் தேவைப்பட்டால் விற்கவும் தம்பி லியோவுக்குப் பவர் எழுதி அனுப்பினார். ஏன் எனக்கு எழுதவில்லை என்று கேட்டதற்கு, பொம்பளை ரிஜிஸ்தர் ஆபீஸ் படி ஏறணுமா என்றார். நல்ல மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் மடையன். போன வருஷம் சாரம் சரிந்து அங்கேயே செத்துப்போனார். உடம்பு வந்து அடக்கம் முடிந்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், நிலம் எங்கள் ஊர்ப் பெரியநாயகசாமி கையில். வண்ணக் கல் நட்டு மனை போட்டுக்கொண்டிருக்கிறார். கிரயப் பணம் எங்கே என்றால், "அண்ணன் வச்ச கடனுக்கே பத்தல அண்ணி" என்கிறான் லியோ. எனக்கும் என் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் இருந்த ஒரே பிடி அந்த நிலம். இப்போது ஊரார் வயலில் கூலிக்கு நடுகிறேன்.

பூவிழி இறப்புச் சான்றிதழையும் பத்திர நகலையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தாள்.

"அவர் இறந்தது வியாழக்கிழமை. பத்திரம் அடுத்த திங்கக்கிழமை. ஆள் போன பிறகு பவர் செல்லாதும்மா."

"அப்ப நிலம் எங்களுதா?"

"அவசரப்படாதீங்க. அண்ணன் செத்தது தெரியாம வித்தேன்னு உங்க கொழுந்தனார் சொல்வார். தெரியாம வாங்கினேன்னு வாங்கினவரும் சொல்வார். அதை நம்பிட்டாங்கன்னா சட்டம் அவங்க பக்கம். தெரிஞ்சேதான் செஞ்சாங்கன்னு கூண்டுல ஏறிச் சொல்ல ஒரு ஆள் வேணும்."

"ஒரு ஆளா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோயில் கொள்ளாத ஆள் இருக்கும்மா!"

வெளிநாட்டில் சாவு விழுந்தால், உடம்பு வந்து சேரும்வரை பெண்டாட்டியிடம் மூச்சுவிட மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு தர்மம். மஸ்கட்டிலிருந்து லியோவுக்குப் போன் வந்தது சனிக்கிழமை. என்னைத் தவிர ஊருக்கே சொன்னான். என் மாமியார், பிள்ளையின் ஆன்மா காத்திருக்காது என்று மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலேயே வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கோயிலில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டது. நான் கோயிலுக்குப் போய்விடக் கூடாதே என்று என் அக்கா ரோஸ்லின் விடியற்காலையிலேயே வந்து, வயிற்று வலி என்று என் வீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டாள். கிறுக்கச்சி மாதிரி நானும் அவளுக்குக் கஷாயம் காய்ச்சினேன். அந்நேரம் கோயிலில், "சகாயராஜ் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று மைக்கில் வாசித்தது யார்? வாராவாரம் அறிக்கை வாசிக்கிற பெரியநாயகசாமிதான்! ஞாயிற்றுக்கிழமை செத்தவனுக்கு வேண்டிக்கொண்டவர், திங்கட்கிழமை அவன் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டார். இதெல்லாம் மாமியார் பிறகு வாய்தவறி உளறித்தான் எனக்குத் தெரியும். கூண்டேறச் சொன்னால், "இருக்கிற பிள்ளையையும் நான் ஜெயிலுக்கு அனுப்பவா?" என்கிறது.

பூவிழி பேனாவைக் கீழே வைத்தாள். "பூசை வச்ச சாமியார்?"

"ரோமாபுரிக்குப் படிக்கப் போயிட்டாரு."

"எழுதிக் கொடுத்த சீட்டு?"

"அதையெல்லாம் யாரு வச்சிருக்கா?"

"அப்ப ஒரே ஒருத்தரை அழைச்சிட்டு வாங்கம்மா. கேஸை நானே எடுத்துக்கறேன்."

அந்த வாரம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினேன். "உன் நல்லதுக்குத்தானே ஆக்னஸு மறைச்சோம்" என்றார்கள் எல்லாரும். மறைத்ததைச் சொல்லுங்கள் என்றால், வாய்க்குள் கொழுக்கட்டை. அன்றைக்கு மைக் சரியில்லை என்றான் ஒருவன். தான் இரண்டாம் பூசைக்குத்தான் போனதாகச் சொன்னாள் ஒருத்தி. எங்கள் கோயிலில் இருப்பதே ஒரு பூசை. போங்கடி நீங்களும் உங்கள் செபமாலையும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் ரோஸ்லின்தான், "நான் வர்றேன்டி, அழாதே" என்றாள். கூடப் பிறந்தவள் கூடப் பிறந்தவள்தான் என்று அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவளைப் பூவிழி முன்னால் உட்கார வைத்தேன்.

"தங்கச்சி வீட்டுக்காரர் இறந்தது உங்களுக்கு எப்ப தெரியும்மா?"

ரோஸ்லின் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அவளுக்குத் தெரிஞ்ச அன்னைக்குத்தான் எனக்கும் தெரியும்."

"அக்கா!" என்றேன்.

பூவிழி கோபப்படவில்லை. "இது கோர்ட்டு இல்லம்மா. பயப்படாம உண்மையைச் சொல்லுங்க."

"கோர்ட்டுல எதைச் சொல்லுவேனோ அதைத்தானே இங்கயும் சொல்லணும்? இவ இனிமே அலையாம இருக்கட்டும்னுதான் நேர்லயே சொல்ல வந்தேன்."

பூவிழி என்னைப் பார்த்தாள். வேறு யாராவது கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் வாங்க என்றாள். எனக்குப் பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

திருவையாறு பஸ்ஸில் ரோஸ்லின் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். பஸ் கிளம்பிய பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எம் மவன் நெல்சனுக்கு லியோ விசா வாங்கிக் கொடுத்திருக்கான்டி. உன் வீட்டுக்காரர் இருந்த அதே கம்பெனி. போன மாசந்தான் மஸ்கட்டுக்கு ஏறினான். இந்த நேரத்துல நான் எப்படி லியோவுக்கு எதிரா நிக்க முடியும்? நீயே சொல்லு. நீயும் பிள்ளை பெத்தவதானே?"

அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"கவலைப்படாதேக்கா. நெல்சனுக்கு அங்க ஏதாவது ஒண்ணுன்னா, உங்கிட்ட மறைக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச அந்த நிமிஷமே ஓடியாந்து சொல்லிடுவேன்."

"அடிப் பாவி, எம் பிள்ளையையாடி சொல்றே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டியூர் தாண்டியும் அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பாமல் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.