ஒன்றும் விடாமல் சொன்ன பொடி

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் பன்றி விலாவுக்குத் தடவும் பொடியை யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், அதில் ஒரு சாமான் குறைகிறது என்று அர்த்தம். அதை அங்கே யாரும் பாவத்தில் சேர்ப்பதில்லை. போதகரே கேட்டாலும் ஒன்றை விட்டுத்தான் சொல்வார்கள். வெர்லீன் டாலிவரும் தன் நாத்தனாருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சுருகப் பாடியவள்தான்.

அவள் கணவர் லான்ஸோவுக்கு நுரையீரலில் கட்டி. குளிர்காலம் முழுக்க மருந்து ஏற்றியதில் கட்டி கரைந்தது. கூடவே மனிதரும் கரைந்துகொண்டே போனார். எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். மே மாதம் முடிவதற்குள் உடம்பு கொஞ்சமாவது தேறாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் கழுவுமிடத்துக்குப் பக்கத்தில் விலாக்கடை போட்டு ஊருக்கே ஆக்கிப்போடுகிறவள் வெர்லீன். தன் வீட்டு மனிதர் தொண்டையில் ஒரு கவளம் இறங்கவில்லையே என்று வெந்துபோனாள்.

"என்னதான்யா வேணும் ஒனக்கு? எத வேணா கேளு, செஞ்சு தரேன்."

லான்ஸோ கூரையைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். "கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"ஹோசியா கடை விலா."

கேட்டாரே ஒன்றை. சபை ஊழியரான டீக்கன் ஹோசியா பிக்ஸ் வெர்லீன் கடைக்கு எதிர்ச்சாரியில் கடை வைத்திருந்தவர். வெர்லீன் வாடிக்கையை இழுக்க அவரும், அவர் வாடிக்கையை இழுக்க இவளும் செய்யாத கூத்தில்லை.

"அங்க எப்பய்யா போய்த் தின்ன?"

"வேல விட்டு வர்ற வழியில... எப்பவாச்சும்."

"எப்பவாச்சும்னா?"

"வெள்ளிக்கிழமைல."

"எந்த வெள்ளிக்கிழம?"

"எல்லா வெள்ளிக்கிழமையும்," என்றார் லான்ஸோ, போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு.

வேறு சமயமாக இருந்தால் வீட்டில் ஒரு தட்டு முழுசாக மிஞ்சியிருக்காது. ஆனால் இத்தனை மாதத்தில் அந்த வாய் ஒன்றை வேண்டுமென்று கேட்டது இதுதான் முதல் தடவை. வெர்லீன் மானத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஹோசியா இடுப்பெலும்பு மாற்றிக்கொண்ட கையோடு கடையை மூடியிருந்தார். அடுப்பையும் இடித்தாயிற்று. வாசலில், ஊன்றி நடக்கிற வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சிஸ்டர். தோத்துட்டேன்னு ஒத்துக்க இவ்வளவு வருஷம் ஆச்சா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். பாப்ரிகா என்கிற காரமில்லாத மிளகாய்த் தூள், பழுப்புச் சர்க்கரை, உப்பு, மிளகு, பூண்டுப் பொடி, கடுகுத் தூள், கார மிளகாய்த் தூள். எது எவ்வளவு என்றும் சொன்னார்.

"அவ்வளவுதான்," என்றார்.

அவ்வளவுதானாம். வெர்லீன் வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அவளிடமா? கடை வைத்த முதல் வருஷமே அவர் கடை விலாவை ஆள் விட்டு வாங்கி முகர்ந்து பார்த்தவள் அவள். அதில் செலரி விதை வாசம் இருந்ததாக ஒரு ஞாபகம். கிழவர் விட்டது அதைத்தான் என்று முடிவு கட்டி, ஒரு கரண்டி சேர்த்தே அரைத்தாள். ஹிக்கரி விறகில் பதமாகப் புகை காட்டி எடுத்துப் போனாள். லான்ஸோ ஒரு கடி கடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அது இல்ல வெர்லீன்."

அடுத்த முறை செலரியை எடுத்துவிட்டுச் சீரகம் போட்டாள். அதற்கடுத்த முறை காப்பித் தூள். அது இல்ல, அது இல்ல. லான்ஸோவின் மோதிரம் விரலில் நிற்காமல் சோப்பு டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்த அன்று வெர்லீனுக்கு கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே ஹோசியா வாசலில் போய் நின்றாள்.

"டீக்கன், அந்த மனுசன் எலும்பும் தோலுமாக் கெடக்கான். இப்பவும் ஒங்க வெளையாட்டா? எத விட்டீங்க?"

"எதயும் விடல."

"கதை விடாதீங்க. இந்த ஊர்ல எவன் முழுசாச் சொன்னான்? நான் சொன்னதில்ல. நீங்க சொன்னதில்ல."

"நானும் சொன்னதில்லதான். என் மச்சினனுக்குக் கடுகுத் தூள விட்டுத்தான் சொன்னேன். ஒனக்கு மட்டுந்தான் முழுசாச் சொன்னேன்." அவர் அவளை உற்றுப் பார்த்தார். "ஒண்ணு கேக்குறேன். நான் சொன்னத மட்டும் போட்டு, ஒரு தடவையாச்சும் செஞ்சு பாத்தியா?"

வெர்லீன் இதுவரை அரைத்ததையெல்லாம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒரு தடவைகூட இல்லை.

"நல்லாருக்கு போ," என்றார் ஹோசியா. "நாளைக்குக் காலைல அடுப்ப மூட்டு. நானே வரேன்."

மறுநாள் காலையிலிருந்து அவர் டாலிவர் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, அவள் கையையே காவல் காத்தார். அவள் பார்வை சீரக டப்பா பக்கம் போனால்கூடத் தொண்டையைச் செருமினார். அவள் அந்த ஏழு சாமானை மட்டும் கலந்து, தடவி, அடுப்பிலேற்றினாள். மதியம் சாய்கிற நேரத்தில் லான்ஸோவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து வேலியோர நிழலில் உட்கார வைத்தாள்.

லான்ஸோ கடித்தார். மென்றார். எலும்பைத் திருப்பி மறுபக்கத்தைக் கடித்தார். அது வெறும் எலும்பானதும் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"ஏன் ரெண்டு பேரும் பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க? ரொட்டி இல்லையா இந்த வீட்ல?"

வெர்லீன் ரொட்டி எடுக்கிற சாக்கில் உள்ளே போய், இடுப்பில் கட்டிய சமையல் துணியில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள். ஆண்டவரே, உமக்கு நன்றி, அந்தக் கிழவருக்கும் நன்றி என்று அழுகையோடேயே சொன்னாள். அப்படி வாயால் சொன்னது அவளுக்குப் போதவில்லை. முகம் கழுவி வெளியே வந்து, ரொட்டியை வைத்துவிட்டு, ஹோசியாவுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"டீக்கன், என் பொடியச் சொல்றேன், கேட்டுக்கங்க." ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அப்புறம் ஆரஞ்சுத் தோல். காயவெச்சு இடிச்சது."

ஹோசியா அவளைப் பார்க்கவில்லை. லான்ஸோ பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"ஆரஞ்சுத் தோலாடா?"

லான்ஸோ எலும்பில் மும்முரமாக இருந்தார்.

"என் பொண்டாட்டி பொடியில என்ன இருக்குன்னு சொல்றேன்னு சொல்லித்தான சிஸ்டர் இவன் என் கடைக்குள்ளயே வந்தான். வெள்ளிக்கிழம தவறாம ஓசித் தட்டு. ஒரு வாரம் பட்டைன்னான். ஒரு வாரம் இஞ்சின்னான். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு தட்டு தின்னுட்டு ஜாதிக்காய்னான். எல்லாம் போட்டுப் பாத்து என் நாக்கே மரத்துப் போச்சு."

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் லான்ஸோ. "அவ அடுப்படிப் பக்கம் நான் எட்டிப் பாத்ததே இல்ல."

வெர்லீன் எழுந்து உள்ளே போனாள். ஒரு ஆரஞ்சும் சின்னக் கத்தியும் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தாள். "டீக்கனுக்கு உரிச்சுக் குடு."

லான்ஸோ விரலைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தார். தோல் அறுபடாமல், மேலிருந்து கீழ்வரை சுருள் சுருளாக ஒரே நீளமாக இறங்கியது. சனிக்கிழமைதோறும் அவள் அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டுவதற்கு அவர் உரித்துக் கொடுக்கிற அதே தோல். உரித்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

"எட்டிப் பாத்ததே இல்ல," என்றார் ஹோசியா.

"நீங்க ஏன் டீக்கன் இவனுக்குச் சோறு போட்டுக்கிட்டே இருந்தீங்க? பொய்யின்னு தெரியலையா?"

"ரெண்டாவது வருஷமே தெரியும். எவ்வளவு போட்டாலும் ஒன்ன விட்டுக் குடுக்க மாட்டான்னும் தெரியும்." ஹோசியா ஆரஞ்சுச் சுளை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "அப்பேர்ப்பட்டவனுக்காக நீ வந்து கேக்குற. அன்னிக்கு ஒண்ண விட்டுச் சொல்ல எனக்கு வாய் வரல."

வெர்லீன் அந்தத் தோலை எடுத்து அவர் வாக்கரின் கைப்பிடியில் சுற்றி விட்டாள். பிறகு லான்ஸோவின் தட்டில் இன்னொரு விலாவை வைத்தாள்.